எட்டாவது ஆட்டக்காரர்

கபடி ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. களத்தில் இறங்கும் ஏழு பேர் யார் என்று அறிவிப்பது நாலரைக்கு. ஆனால் அந்த ஏழு பேரும் காலையில் ஊர் டீக்கடைகள் திறந்த கையோடு ஏதோ ஒரு பந்தயக் குழுவில், கைப்பேசித் திரையில், வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எப்படி என்பதுதான் தனசேகரனுக்குப் புரியவில்லை.

தனசேகரன் கல்வராயன் வட்டாரக் கபடிக் கழகத்தின் செயலாளர். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஆண்டு மாநில அமைப்பு அவருக்கு இன்னொரு பதவியும் கொடுத்திருந்தது. நேர்மை அலுவலர்.

"நேர்மை அலுவலர்னா இன்னா வேல?" என்று மனைவி ஜெயம்மாள் கேட்டாள்.

"நேர்மையா இருக்கறது."

"அப்ப இத்தினி நாளு இன்னா வேல பாத்துக்கினு இருந்தீங்க?"

தனசேகரனுக்கு எதையும் விளக்கிச் சொல்வதில் சலிப்பே வராது. அவளை உட்காரவைத்து விளக்கினார். அணியில் பன்னிரண்டு பேர். இறங்குவது ஏழு பேர். கரியாலூர் சடையன் இறங்கினால் நம் அணி ஜெயிக்கும். முட்டி வலிக்கிறது என்று அவன் உட்கார்ந்துவிட்டால் தோற்கும். அவன் இறங்குகிறானா இல்லையா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒருவன் வெளிநாட்டுச் செயலியில் பணம் கட்டினால் அது பந்தயமே இல்லை. கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது. அதனால்தான் விளையாட்டை நடத்தும் அமைப்புகளுக்கு இத்தனை விதிகள். ஆட்டக்காரர், பயிற்சியாளர், நிர்வாகி, அவர்கள் வீட்டார் யாரும் பந்தயம் கட்டக்கூடாது. உள்தகவல் வெளியே போகக்கூடாது. போனால், எந்த ஓட்டை வழியாகப் போனது என்று அமைப்பே கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் மன்னிப்பு. இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து.

"ரத்தானா ரத்தாவட்டும். வூட்டுல கெடங்க."

"நான் கெடப்பேன். சடையன்?"

மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்த வீட்டிலிருந்து சடையனைக் கீழே கூட்டிவந்தவர் தனசேகரன்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். இந்தப் பருவத்துக்கான சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அங்கீகாரம் போன கழகத்தின் சான்றிதழை யாரும் கையில்கூட வாங்கமாட்டார்கள்.

எனவே தனசேகரன் ஓட்டையைத் தேடத் தொடங்கினார்.

ஏழு பேரைத் தேர்வு செய்வது முந்தின நாள் சாயங்காலம். அப்போது அறையில் இருப்பது மூன்று பேர். அவர், பயிற்சியாளர் செழியன், அரிசி ஆலை வைத்திருக்கும் கழகத் தலைவர். மூன்று பேர் கைப்பேசியையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினார். மறுநாள் சாயங்காலம்தான் திறந்தார்.

ஏழு பேரும் காலையிலேயே வெளியே வந்துவிட்டிருந்தார்கள். வராமல் போனது தலைவருடைய நெல் லாரிதான்.

"லாரிக்காரன் ராத்திரி பூரா போன் பண்ணிப் பாத்துட்டு, வேற மில்லுல எறக்கிட்டுப் பூட்டான்யா," என்றார் தலைவர். "உன் நேர்மைக்கு இனிமே நான் வரமாட்டேன்."

தகவல் அறிந்தவர்கள் இரண்டு பேராகக் குறைந்தார்கள். அடுத்த ஆட்டத்திலும் ஏழு பெயர்கள் காலையில் வந்துவிட்டன. தனசேகரன் செழியனைப் பார்த்தார். செழியன் தனசேகரனைப் பார்த்தான்.

அடுத்த முறை தனசேகரன் ஒரு தந்திரம் செய்தார். செழியனிடம் தப்பான ஏழு பேரைச் சொன்னார். சரியான ஏழு பேர் தன் மனத்தில் மட்டும். இப்போது தப்பான பெயர்கள் வெளியே வந்தால் திருடன் செழியன்தான்.

சரியான பெயர்கள்தான் வந்தன.

"அப்ப நான் இல்ல சார்," என்றான் செழியன்.

"இல்லப்பா."

"தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒருத்தன் இல்ல. மிச்சம் யாரு சார்?"



அன்று வீட்டில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஜெயம்மா, நான் தூக்கத்துல எதுனா ஒளர்றனா?"

"ஒளர்றீங்களே. நேத்துகூட ஒளர்னீங்க."

"இன்னான்னு?"

"வரிசையில நில்லுடா, வரிசையில நில்லுடான்னு."

இருந்தாலும் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்தார். அதற்கும் பலன் இல்லை. மீசையில் பாதி போனதுதான் மிச்சம்.

மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று ஆனதும் தெய்வத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் உள்ள நாளில் விடிந்ததும் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஆடுகிற பிள்ளைகளுக்கு அடி படக்கூடாது என்று ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வருவது அவருடைய நெடுநாள் பழக்கம். ஆடி மாதம் வேறு. இப்போது ஒரு தேங்காய் இரண்டாயிற்று. இரண்டாவது தேங்காய் தகவல் கசியாமல் இருப்பதற்கு.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாநில அமைப்பிலிருந்து அபிநயா என்ற விசாரணை அதிகாரி வந்து இறங்கினாள். பந்தயக் குழுக்களுக்குள் ஆளோடு ஆளாகச் சேர்ந்திருந்து கவனிப்பதுதான் அவள் வேலை.

"நாளைக்கும் கசிஞ்சா, அங்கீகாரம் ரத்துன்னு உத்தரவு ரெடியா இருக்கு சார்," என்றாள். "ஏழு பேரை முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் கடவுளத் தவிர ஒருத்தர்கிட்டயும் சொல்றதில்லம்மா."

"அது கணக்குல வராது சார்," என்றாள் அபிநயா. "காலையில உங்க கூடவே வர்றேன்."

மறுநாள் விடிந்ததும் அவருடைய கைப்பேசி அவள் பையில் இருந்தது. தனசேகரன் தெருவில் இறங்கினார். அபிநயா இரண்டடி பின்னால் நடந்தாள். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். பால்காரர், சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து, மிளகு போட்டுப் பால் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் வாசலில் தேங்காய்க் கடை ரங்கம்மாள், "இன்னா சார், இன்னிக்கும் ரெண்டு காயா?" என்றாள். தனசேகரன் மூன்று விரலைக் காட்டினார்.

உள்ளே மின்சார மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பூசாரி குனிந்தார். தனசேகரன் வாயைக் கையால் மறைத்து, அவர் காதோடு காதாக வேண்டுதலைச் சொன்னார். அபிநயாவின் கண் அவரைவிட்டு அகலவில்லை. அடுத்து பூசாரி அவள் பக்கம் திரும்பி, பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். சாமி கோயிலில் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? அவளும் சொன்னாள். மணி அடித்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

படியிலேயே அபிநயா கைப்பேசியை எடுத்தாள். பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துட்ச்சா?" என்றார் தனசேகரன். நேற்று ராத்திரியிலிருந்து அவர் தெருவில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வந்திருக்கு சார். சடையன்லேர்ந்து ஏழு பேரும் சரியா?"

திரையைப் பார்த்தார். ஏழும் சரி. ஆனால் வரிசை அங்கே முடியவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

'எட்டாவதா அபிநயான்னு ஒரு புது ஆளு. ரேவதி நட்சத்திரம். ரெய்டரா டிஃபெண்டரா தெரியல.'

அதன் கீழே ஒருவன் கேட்டிருந்தான்: 'அபிநயாவ நம்பிக் கட்டலாமா?'

அபிநயா திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கோயிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், சாமிகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"பூசாரி காதுல பேரு, நட்சத்திரம் சொல்வேன். அவரு சாமிக்குச் சொல்வாரு. எப்பவும் அப்டித்தான்."

அப்போது தெருமுனை மின்கம்பத்தில் ஆடி மாதத்துக்காகக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கணீரென்று பேசியது. "ஜெயப்பிரகாஷ், பூர நட்சத்திரம், கடை வியாபாரம் விருத்தியாக..." கம்பத்துக்கு நேர் கீழே டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர், ஒரு கையில் டம்ளரும் மறு கையில் கைப்பேசியுமாக, நிமிர்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயப்பிரகாஷ் கபடி ஆடுகிறவர் இல்லை என்றதும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

"உபயதாரர் வாங்கிக் குடுத்த மைக்கு," என்றாள் ரங்கம்மாள், தேங்காய் நாரை உரித்தபடியே. "ஆடி பொறந்ததுலேர்ந்து பூசாரி மாருலயே மாட்டிக்கினு இருக்காரு. உங்க புள்ளைங்க நட்சத்திரமெல்லாம் இந்தத் தெருவுக்கே மனப்பாடம் சார்."

தனசேகரன் அவள் கடை முக்காலியில் உட்கார்ந்தார். "எழுதிக்கோம்மா. திருடன் நான்தான்."

"இருங்க சார்," என்றாள் அபிநயா. "ஏழு பேரை இப்பவே எல்லாருக்கும் பொதுவா அறிவிச்சுடுங்க. ஊருக்கே தெரிஞ்சா அது உள்தகவல் இல்லை. இன்னைக்கு ஆட்டம் தப்பிச்சுடும். ஓட்டையையும் கண்டுபிடிச்சாச்சு. அதை அடைக்க ஒரு வழி மட்டும் எழுதிக் கொடுத்தா உங்க அங்கீகாரத்தை யாரும் தொட முடியாது." அவள் யோசித்தாள். "மைக்கை நிறுத்தச் சொல்லலாமா?"

"ஆடி மாசத்துலயா? அதுக்கு அங்கீகாரம் போனா தேவல."

"அப்ப அர்ச்சனையை நிறுத்திடுங்க."

"புள்ளைங்களுக்கு அடி பட்டா யாரும்மா பதில் சொல்றது?"

விதிமுறைகளில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அபிநயா மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். தென்படவில்லை.

ரங்கம்மாள் உரித்த காயைத் தட்டில் வைத்தாள்.

"இனிமே சாமி பேருக்கே அர்ச்சனைன்னு சொல்லிடுங்க சார். யார் யார் ஆடறாங்கன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?"