முதல் தடவை இலவசம்

காசு கொடுத்துச் சுகப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். ஜப்பானில் எங்கள் கோபே நகரம் முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான். குசுமோதோ குடும்பத்தில் பிறந்த நான் அந்த ரகமில்லை. காசு கொடுத்து நான் ஏமாந்ததே கிடையாது. காசு கொடுக்காமல் ஏமாந்தது எப்படி என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊரில் உயர்தரச் சேவை நடத்துகிற எல்லாருக்கும் ஒரு பலவீனம் உண்டு. முதல் தடவை இலவசம் என்பார்கள். மலையடிவாரத்து மசாஜ் நிலையம், துறைமுகத்து உல்லாசப் படகுக் கிளப், வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்குகிற கம்பெனி, யாரை எடுத்தாலும் இதே கதை. எனக்கு முதல் தடவை என்றால் உயிர். இரண்டாம் தடவை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு சங்கடம். கெட்டிக்காரக் கம்பெனிகள் பாதி வேலைதான் செய்து காட்டும். எங்கள் வீட்டு சோபாவில் ஒரு பாதி நேற்று வாங்கியது போல இருக்கும்; மறு பாதியில் உட்கார விருந்தாளிகள் தயங்குவார்கள். மசாஜ்காரி என் இடது தோளை வெண்ணெயாக்கிவிட்டு, "வலது தோள் நீங்க உறுப்பினர் ஆனதும்" என்றாள். அப்போதெல்லாம் நான் பணிவாகத் தலைகுனிந்து சொல்வேன்: "யோசிச்சுச் சொல்றோம்."

எங்கள் நாட்டில் அதற்கு, இந்த ஜென்மத்தில் நடக்காது என்று பொருள். கேட்டவர் அதைவிடப் பணிவாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுவார். சண்டை இல்லை, செலவும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நான் பாதி வாழ்க்கையைச் சொகுசாக ஓட்டிவிட்டேன். வலது தோள் மட்டும் அவ்வப்போது வலிக்கும்.

இப்படி இருக்கையில் என் ஒரே மகள் சிகுசா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"நல்ல விஷயம்தானே. பையன் என்ன வேலை பாக்கறான்?"

சிகுசா தன் அம்மாவைப் பார்த்தாள். என் மனைவி நொபுகோ சூப்பைப் பார்த்தாள்.

"அழகு நிலையம் வச்சிருக்கார். ஆஷியால."

"ஆஷியாவா! பணக்காரங்க ஊராச்சே. சீமாட்டிங்களுக்கா?"

"நாய்ங்களுக்கு."

எனக்குப் புரையேறியது.

"நாய்க்கு முடி வெட்டறவனா?"

"முடி மட்டும் இல்லப்பா. சேற்றுக் குளியல் உண்டு, நகப்பூச்சு உண்டு, மசாஜ் உண்டு..."

"ரெண்டு தோளுக்குமா?" என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டேன். குடும்ப மானம் முக்கியம்.

"ஒரு தடவை அவரைப் பாருங்கப்பா. அவர் பேரு..."

"பேரைச் சொல்லாதே! இந்த வீட்டுக்குள்ள அவன் பேரே வரக்கூடாது!"

"பாக்கவாவது பாக்கலாமில்ல?"

"யோசிச்சுச் சொல்றேன்."

சிகுசா எழுந்து போய்விட்டாள். அவளுக்கா அர்த்தம் தெரியாது? என் மகளாயிற்றே. அழுதாள் என்று நொபுகோ சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு அலுவலகத்தில், உங்கள் மருமகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் நான் எந்த வாயால் சொல்வேன்? அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு டோஃபு என்கிற வெறும் சோயாக் கட்டி ஆனது. அதுவும் சுட வைக்காமல்.

டோஃபு தின்று நாக்கு செத்துக் கிடந்தபோதுதான் அந்த விளம்பரம் தபால் பெட்டியில் வந்து விழுந்தது. மலைமேல் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஷிராசாகி மாளிகை. ஊரிலேயே உசத்தியான கல்யாண மண்டபம். கல்யாணம் நடத்த உத்தேசித்திருக்கும் மணமக்களுக்கும் பெற்றோருக்கும் முழு விருந்து; சாம்பிள் பார்க்க, இலவசம். பாதி விருந்து இல்லை, முழு விருந்து. மாட்டிறைச்சி வறுவல் படம் வேறு போட்டிருந்தார்கள். நான் அந்தத் தாளையே நக்கியிருப்பேன்.

"நொபுகோ, ஞாயித்துக்கிழமை நாம இங்க போறோம்."

"பொண்ணு கல்யாணம் வேண்டாம்னுட்டீங்க. கல்யாணச் சாப்பாடு மட்டும் வேணுமாக்கும்?"

"சாப்பாடு என்ன பாவம் பண்ணிச்சு?"

"பொண்ணுக்கு வேணா சிகுசா இருக்கா. மாப்பிள்ளைக்கு எங்க போவீங்க? ஆள் வாடகைக்கு விடற கம்பெனி இருக்கு, கேக்கட்டுமா?"

"வாடகையா? வாயைக் கழுவு!"

நொபுகோ கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "என்கூடக் கோரஸ்ல பாடறாங்களே ஒரு அம்மா, அவங்க பையன் ஒருத்தன் இருக்கான். சாப்பாடு போட்டா வருவான்" என்றாள்.

"காசு கேக்க மாட்டானே?"

"ஒரு பைசா கேக்க மாட்டான்."

"அவன்தான் மாப்பிள்ளை!" என்றேன். வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை. சும்மா வருகிறவனைக் குடைந்து கேள்வி கேட்பது மரியாதை இல்லை. சிகுசாதான் முரண்டு பிடிப்பாள் என்று பயந்தேன். ஆனால் அவள், "உங்களுக்காக வரேம்பா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். வளர்ப்பு அப்படி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வந்தான். ஹயாதோ என்று பெயர். நல்ல உயரம், சுத்தமான கோட்டு, வாசலில் செருப்பைத் திருப்பி வைத்த நேர்த்தி. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

"இதோ பாரு தம்பி, அங்க போய் என்னை அப்பான்னுதான் கூப்பிடணும். சிகுசாவை ஆசையாப் பாக்கணும். நம்பற மாதிரி நடிக்கணும். வராதுன்னா இப்பவே சொல்லிடு."

"முயற்சி பண்றேன், அப்பா."

"பலே!"

அவன் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதுக்கு மேல் புதராக நிற்கும் நரைமுடி எனக்கு. "அப்பா, அவ்வளவு பெரிய இடத்துக்குப் போறோம். கொஞ்சம் சரி பண்ணட்டுமா?" என்று பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான்.

இலவசத்தை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லை. உட்கார்ந்தேன். முகவாயை ஒரு கையால் பிடித்து என் முகத்தை மெல்லத் திருப்பினான். என்ன லாவகம்! கத்தரி காதோரம் போவதே தெரியவில்லை. இடது புருவம், இடது காது, இடது பக்கத்து முடி எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. எனக்குச் சுகத்தில் கண் சொக்கியது.

"நல்லாப் பழகின கைப்பா உனக்கு."

"கடிக்க வர்றவங்களுக்குக்கூட வெட்டியிருக்கேன், அப்பா."

"குழந்தைங்களா?"

"வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க."

அதற்குள் வாசலில், "மண்டபத்துக் கார் வந்தாச்சு!" என்று நொபுகோ குரல் கொடுத்தாள். ஹயாதோ கத்தரியை உள்ளே வைத்தான். "வலது பக்கம் வந்து பாத்துக்கலாம். ரொம்பச் சமத்தா இருந்தீங்க அப்பா" என்று முதுகில் தட்டிக் கொடுத்தான். ஏனோ எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மாளிகையில் என் வெட்டாத வலது பக்கம் சுவரோரமாக வரும்படி என்னை உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே துறைமுகம். தட்டில் கடல் நண்டு. செரிசாவா என்ற கல்யாண ஆலோசகிப் பெண் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சிகுசா அந்தப் பையனைப் பார்த்து வெட்கப்பட்டாள் பாருங்கள், நிஜம் தோற்றது. இவளைச் சினிமாவில் சேர்த்திருக்கலாமே, பணமாவது வந்திருக்குமே என்று நினைத்தேன்.

"அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் செரிசாவா.

மாட்டிறைச்சி இன்னும் வரவில்லை. நம்பிக்கை ஊட்ட வேண்டிய கட்டம். "பிடிச்சிருக்காவா? லாந்தர் வச்சுத் தேடினாலும் இப்படி ஒரு பையன் கிடைக்க மாட்டான்" என்று கையை ஆட்டிப் பேசினேன். "பணிவு, பொறுமை, தொழில் சுத்தம். என் பொண்ணு குடுத்து வச்சவ!"

உடனே ஹயாதோ நாற்காலியை விட்டு எழுந்தான். என் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"அப்பா, உங்க மகளை எனக்குக் குடுங்க."

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அசந்துவிட்டேன். சிகுசா கண்ணைத் துடைத்தாள். செரிசாவாவும் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து மாட்டிறைச்சி மேசைக்கு வந்தது.

"குடுத்தேன் குடுத்தேன்! எழுந்திருப்பா, ஆறிடப் போகுது!"

பரிமாறுகிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். அந்த இறைச்சியைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை போதாது. கடைசித் துண்டை விழுங்கியதும் செரிசாவா வந்து தலைகுனிந்தாள்.

"அப்ப, எந்தத் தேதி வச்சுக்கலாம்?"

என் மகா வாக்கியத்துக்கு வேளை வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"நவம்பர்ல நல்ல நாள் ஒண்ணு சொன்னீங்களே, அதையே வச்சுக்குங்க" என்றாள் நொபுகோ. "அவர் யோசிச்சு முடிச்சுட்டார். நீங்கதான் கேட்டீங்களே."

மேசைக்கடியில் அவள் காலை உதைத்தேன். "வலிக்குது அப்பா" என்றான் ஹயாதோ.

திரும்பி வரும்போது காரில் வெடித்தேன். "என்ன காரியம் பண்ணினே? இவன் சாப்பாட்டுக்கு வந்த பையன்!"

"ஆமா. சாப்பாடு போட்டா வருவான்னு சொன்னேன். வந்தார். சிகுசாவுக்காகச் சும்மா கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார். நீங்கதான் கூப்பிடலை."

"சிகுசாவுக்காகவா? அப்படின்னா... அந்த நாய்க்காரன்..."

"பேரைச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் சொன்ன பேச்சைக் கேக்கறவ."

"அந்தக் கத்தரிக்கோல்..."

"கழுவினதுதான் அப்பா" என்றாள் சிகுசா.

முன் சீட்டிலிருந்து ஹயாதோ திரும்பிப் பணிவாகத் தலையைக் குனிந்தான். நான் குரைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கல்யாணம் நடக்காது, அவன் என் வாசற்படி ஏறக்கூடாது, வலது பக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீடு வரைக்கும் கத்தினேன். அவனும் ஏறவில்லை. வாசலிலேயே வணங்கிவிட்டுக் கத்தரிக்கோல் பையோடு போய்விட்டான்.

மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்தேன். இடது பாதி ஆஷியா சீமான். வலது பாதி தெருவோரத்தில் கிடக்கிற ஏதோ. எங்கள் சோபாவே எழுந்து நிற்பது போல இருந்தேன். தெருமுனை சலூன்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இந்தக் கை யாரோடதுங்க? இதுக்கு ஈடா என்னால முடியாது. வேணும்னா மொட்டை போட்டு விடறேன், அதுக்குக் காசு." ரயிலில் இடது பக்கம் இருந்த பெண்மணி எனக்கு இடம் கொடுத்தாள், வலது பக்கம் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் நாள் முழுக்கச் சுவரை ஒட்டியே நடந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவருகே நின்று இருமினேன்.

"நொபுகோ. அந்தப் பையனை... வலது பக்கத்தையும் முடிச்சுக் குடுத்துடச் சொல்லேன்."

"எந்தப் பையனை?"

"அதான்... ஹயாதோவை."

"அது யாரு?"

எனக்குத் தெரியும், அவளுக்கு என்ன வேண்டுமென்று. கூடத்திலிருந்து சிகுசாவும் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் என் வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. என்ன இருந்தாலும் நல்ல பையன், கையும் சுத்தம்.

"மாப்பிள்ளையை" என்றேன்.

நொபுகோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் கூடத்துக்குப் போனாள். அம்மாவும் பெண்ணும் போனில் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் நாற்காலியைப் போட்டு, துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சமத்தாக உட்கார்ந்து காத்திருந்தேன்.

நொபுகோ திரும்பி வந்து எனக்குப் பணிவாகத் தலைகுனிந்தாள்.

"யோசிச்சுச் சொல்றாராம்."