கத்தரிப்பூச் சட்டையில் ஒளிந்திருக்கும் பலி

பேய்க்கு அஞ்சாத ஜீவராஜ் ஒரு கத்தரிப்பூ நிறச் சட்டைக்கு அஞ்சினார்.

வட்டகொடைத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் கிளாக்கர். வெளிவந்தபோது ஓடாமல், பிறகு நாலு பைத்தியங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் பேய்ப்படங்கள்தான் அவருக்கு வேதம். பேயை எல்லோரும் பார்ப்பார்கள். பேய்க்கு ஏன் அந்த நிறத்தில் பாவாடை என்று பார்ப்பவர் இவர் ஒருவர்தான்.

சட்டையை அனுப்பியவர் மனைவியின் அண்ணன், மச்சான் வீரய்யா. ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜ் முனியாண்டி கோவிலில் அவர் மகனுக்குக் காதுகுத்து. குடும்பமே ஒரே நிறத்தில் நிற்க வேண்டுமாம். கம்பளிக்குள் சுருண்டு படம் பார்க்க வேண்டிய ஞாயிறு! தலை போனாலும் போவதில்லை என்று தீர்மானித்தார் ஜீவராஜ். அதை மனைவி வினோதாவிடம் நேராகச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினார்.

"வினோதா, ஒரு கூட்டமே ஒரே நிறத்துல உடுத்தினா என்னா அர்த்தம்?"

"ஒரே கடையில துணி எடுத்திருக்காங்கன்னு அர்த்தம்." அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"பலி குடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்!"

"ஆமா. கெடா வாங்கியாச்சு."

"கெடா இல்ல, மனுசன்! மலை, பனிமூட்டம், மொட்டை, ஊசி, நடுவுல வெளியாளு ஒருத்தன். எந்தப் படத்துலயும் அவன் வீடு திரும்பினதில்ல."

"அப்ப வெள்ளைச் சட்டையில வாங்க."

"பலியாளுக்கு வெள்ளை குடுக்கிறதே ரத்தம் எடுப்பா தெரியணும்னுதான்!"

"அப்ப நானும் நிறத்தை மாத்தி சிவப்புச் சேலை கட்டிக்கிறேன்."

"சிவப்பு உடுத்தினவதான் பேய்."

வினோதா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சினிமாவுல," என்றார் ஜீவராஜ் அவசரமாக.

"சரிங்க, அப்ப உசுரோட திரும்புறது யாரு?"

வாயை மூடியிருக்கலாம். ஆனால் கட்டிய நாளிலிருந்து அவள் ஆர்வமாகக் கேட்ட முதல் கேள்வி. பெருமை விடுமா?

"அப்படிக் கேளு! ஏப்ரன் கட்டின சமையல்காரன். மனுசனும் அவனைப் பாக்கமாட்டான், பேயும் பாக்காது. ஏப்ரன்ங்கிறது கவசம்!"

"அடேயப்பா," என்றாள் வினோதா. மறுபடி பூண்டைக் கையில் எடுத்தாள். வென்றுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினார் ஜீவராஜ்.

ஞாயிறு விடிந்ததும் எழுப்பினாள். "பயமில்லாம கிளம்புங்க. ஏப்ரன் என் பையில இருக்கு."

தன் ஆராய்ச்சியைத் தானே பொய் என்று எப்படிச் சொல்வது? கிளம்பினார்.

கோவில் வாசலிலேயே கட்டிவிட்டாள். இறுக்கி, இரட்டை முடிச்சு. "உங்க உசுரு எனக்கு முக்கியம்ங்க."

ஆராய்ச்சி துளியும் பிசகவில்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஏப்ரனைக் கண்டு யாரோ கையில் திணித்த கறி வாளியைத்தான் பார்த்தார்கள். "எலும்பில்லாம போடுப்பா!" என்றார் பெண் கொடுத்த மாமனாரே, நிமிராமல்.

கடைசிப் பந்தி எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வினோதா, நெசமாவே நான் சொன்னதை நம்பினியா?"

"பந்தி பரிமாற ஒரு ஆளு கொறையுதுன்னு அண்ணன் போன வாரமே சொன்னாரு. கிளாக்கர் ஐயாகிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."