வட்டிக்குப் பூக்கட்டிப் பார்த்தார்கள்

வங்கி மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரைப் பூவரசன் பக்கமாகத் திருப்பி, திரையில் ஓர் எண்ணைச் சுட்டிக் காட்டினார். எழுபத்தொன்று.

பூவரசனுக்கு வாயெல்லாம் பல். "எழுபத்தொரு டியூதான் பாக்கியாங்க மேடம்? அதுக்குள்ள இவ்வளவு கொறைஞ்சிருச்சா?"

"டியூ இல்லீங்க சார். உங்க வீட்டு லோனோட கடைசி டியூவைக் கட்டும்போது உங்களுக்கு ஆகப்போற வயசு."

திறந்த வாயை மூடுவதற்குப் பூவரசனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"லோன் வாங்கறப்ப ஐம்பத்தேழுன்னு சொன்னீங்களே மேடம்?"

"அப்ப வட்டி கம்மி. ரிசர்வ் வங்கி ஏத்துனாங்க, நாங்களும் ஏத்திட்டோம். ஆனா டியூவுல ஒரு ரூபா ஏத்தியிருக்கோமா, பாருங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு மாசத்தை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கோம்."

"எனக்கு ஐம்பத்தெட்டுல ரிட்டயர்மெண்டுங்க!"

"அதனால என்ன? டெய்லி வாக்கிங் போங்க" என்றார் மேனேஜர் அம்மா அக்கறையாக. "இல்லேன்னா மொத்தமா ஒரு தொகையைக் கட்டுங்க. வயசு தானா எறங்கிரும்."

பூவரசன் காரிமங்கலம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. எழுபத்தொரு வயதில் பல்லில்லாத வாயோடு இதே நாற்காலியில் வந்து உட்காரும் காட்சி அவன் கண்முன்னே ஓடியது. ஆனாலும் அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையின் பெயர் சென்றாயன்.

சென்றாயன் அவனுடைய மாமனார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் வீட்டோடு மாமனார். ரிட்டயர் ஆனபோது வந்த பணம் முழுவதையும் அதே வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். "டெபாசிட் முடிஞ்சதும் அந்தப் பணம் உங்க வூட்டுக் கடனுக்குத்தான் மாப்ள" என்று புதுமனை புகுவிழாவன்று பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னவர். டெபாசிட் இந்த மாதம்தான் முடிகிறது.

வீட்டுக்கு வந்தால், சென்றாயன் தெருவுக்கே லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கங்க மாப்ள! டெபாசிட்டுக்கு வட்டி ஏறிருச்சு. சீனியர் சிட்டிசனுக்கு அதுக்கு மேல அரை பர்சன்ட் வேற!"

பூவரசன் லட்டைக் கையில் வாங்கிக்கொண்டான். தன் தலையில் விழுந்த இடிக்குத் தன் வீட்டிலேயே இனிப்பு கொடுக்கிறார்கள் என்று நினைக்கும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நேராகக் கேட்க வாய் வரவில்லை. பக்குவமாகப் பேசிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தான்.

"மாமா, இந்த வட்டி ரொம்ப நாள் நிக்காதுங்க. சீக்கிரம் எறங்கிரும்னு டிவியில சொல்றாங்க. அதனால பணத்த இப்பவே எடுத்து..."

சென்றாயன் கையிலிருந்த லட்டு பாதி வழியில் நின்றது. "எறங்கிருமா? நல்ல வேளை சொன்னீங்க மாப்ள! நான் ஒரு வருஷத்துக்குப் போடலாம்னு இருந்தேன். எறங்கறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துக்குப் போட்டுப் பூட்டிர வேண்டியதுதான்."

மறுநாள் பூவரசன் அப்படியே திருப்பிப் போட்டான். "மாமா, நான் நேத்து தப்பாச் சொல்லிட்டேனுங்க. வட்டி இன்னும் ஏறுமாம்."

"இன்னும் ஏறுமா!" சென்றாயன் முகம் பூரித்துப் போனது. "அப்ப அஞ்சு வருஷம் வேணாம். மூணு மூணு மாசமாப் போட்டு, ஏற ஏறப் புதுப்பிச்சுக்கிட்டே போலாம்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது பூவரசனின் மனைவி வெண்மதி சொன்னாள்: "ஏங்க, நீங்க எங்கப்பாகிட்ட லோனுக்குப் பணம் கேக்கறீங்களா, இல்ல அவருக்கு டெபாசிட் பாடம் எடுக்கறீங்களா?"

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று பூவரசன் தன் சொந்தச் சேமிப்பில் கை வைத்தான். வீட்டுக் கடனுக்கு முன்பே, ஏஜெண்ட் இன்னாசி சொல்லி, அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கும் பாண்டு ஃபண்டு ஒன்றில் கொஞ்சம் போட்டு வைத்திருந்தான். 'கண்ண மூடிட்டுத் தூங்கலாம் சார்' என்று சொல்லித்தான் இன்னாசி கையெழுத்து வாங்கினார். அவனும் இத்தனை நாள் தூங்கித்தான் இருக்கிறான். இப்போது விழித்துப் பார்த்தால், போட்டதைவிடக் குறைவாக இருந்தது.

"வட்டி ஏறுனா பழைய பாண்டு வெல எறங்கத்தான் சார் செய்யும்" என்றார் இன்னாசி போனில், ஏதோ தேய்பிறை வளர்பிறை விஷயம் மாதிரி. "புது பாண்டு கூட வட்டிக்குக் கெடைக்கிறப்ப, உங்க பழச யாரு வாங்குவா? அப்பிடியே வெச்சிருங்க சார், வட்டி எறங்குனா ஏறிரும்."

"வட்டி ஏறுனதுனாலதான் எனக்கு இப்பப் பணம் வேணும், இன்னாசி!"

நஷ்டத்துக்கே விற்று, வந்ததைக் கொண்டுபோய்க் கடனில் கட்டினான். மேனேஜர் அம்மா திரையைத் திருப்பினார். எழுபது. பூவரசன் ஒரு வயது குறைந்த தெம்போடு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் குடித்தான். அடுத்த வாரம் ரிசர்வ் வங்கி மறுபடியும் வட்டியை ஏற்றியது. திரை எழுபத்திரண்டைக் காட்டியது. வீட்டில் இந்தத் தடவை மைசூர்பாகு.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. மாமனார் எதிரில் போய் உட்கார்ந்து, நேராகவே கேட்டுவிட்டான்.

"மாமா, அந்த டெபாசிட்ட எடுத்து என் கடனைக் கட்டிக் குடுங்க. மாசா மாசம் உங்க செலவுக்கு நான் தர்றேன்."

சென்றாயன் மைசூர்பாகுப் பெட்டியை மூடினார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "சொன்ன சொல்ல நான் மறக்கல மாப்ள. ஆனா, வட்டி கம்மியா இருந்த காலத்துல, முடி வெட்டிக்கறதுக்குக்கூட என் மக கையப் பாத்துட்டு நின்னேன். முப்பது வருஷம் ஊர்க்காசெல்லாம் எண்ணுன கைங்க இது. இனி வரப்போற வட்டிய நம்பித்தான் இப்ப எம்பணத்துல நானா நாலு பேருக்கு லட்டு குடுக்கறேன்."

மனுஷன் சொல்வதும் நியாயம்தானே என்று பூவரசனுக்கு மனசு இளகியது. எழுபத்திரண்டு ஞாபகம் வந்ததும் மறுபடி இறுகிக்கொண்டது.

"நீங்க சொல்றதும் சரி, நான் சொல்றதும் சரி" என்று சென்றாயனே ஒரு வழி சொன்னார். "முனியப்பன் சொல்லட்டும். பூக்கட்டிப் பாத்துருவோம்."

பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் மொரப்பூர் சாலையில் இருக்கும் முனியப்பனைக் கேட்காமல் செய்வதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. ஆனால் வட்டி விகிதத்துக்கு முனியப்பனிடம் பூக்கட்டிப் பார்ப்பது அந்த மாவட்டத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

டெபாசிட்டைப் புதுப்பிக்கச் சொல்லி மேனேஜர் அம்மா விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம முனியப்பங்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க மேடம். வெள்ள வந்தா எடுத்து மாப்ள கடனைக் கட்றோம், செவப்பு வந்தா புதுப்பிக்கறோம்" என்று சென்றாயன் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

பூவரசன் முனியப்பனை நம்பினான். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய், பூசாரி பச்சியப்பன் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தான்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுருங்க பூசாரி. எல்லாம் ஒரு குடும்பத்துக்குள்ளதான்."

பச்சியப்பன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். "சாமி மனசும் அதுதாங்க."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் குளித்து முழுகிக் கோயிலுக்குப் போனார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு முனியப்பன் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை எடுக்கும் பொறுப்பை, ஒருவருக்கு மகளும் இன்னொருவருக்கு மனைவியுமான வெண்மதியிடம் விட்டார்கள். பூசாரி உடுக்கை அடித்தார். பூவரசன் கைகூப்பி, முகத்தில் கவலையை வலிய வரவழைத்துக்கொண்டு நின்றான். மாமனாரும் அதேபோல் கவலையாக நின்றதுதான் அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

வெண்மதி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே மஞ்சள் சாமந்தி.

"என்னாங்க இது?" என்று வெண்மதி கேட்டு முடிப்பதற்குள், பூவரசன் பாய்ந்து இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தான். அதிலும் மஞ்சள் சாமந்தி.

"ரெண்டுலயும் வெள்ளயில்ல இருக்கணும்!" என்று கத்தினான் பூவரசன்.

"ரெண்டுலயும் செவப்பில்ல இருக்கணும்!" என்று கத்தினார் சென்றாயன்.

மருமகனும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்மதி இருவரையும் பார்த்தாள்.

"மாமா, நீங்களுமா?"

"இன்னிக்கு விடியக்காலம் நடந்தே வந்து ஐந்நூறு குடுத்துட்டுப் போனேன் மாப்ள" என்று சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா இருக்குது ரெண்டு பேரு லட்சணமும்" என்று வெண்மதி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்ப மஞ்சளுக்கு என்ன அர்த்தம் பூசாரி?"

பச்சியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மஞ்சள் வந்தா, எது எது எங்க இருக்குதோ அது அது அங்கயே இருக்கட்டும்னு அர்த்தமுங்க. டெபாசிட்டையும் அஞ்சு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது, கடனையும் முன்கூட்டிக் கட்டக் கூடாது. சாமி உத்தரவு."

கல்யாணம் ஆனதிலிருந்து எந்த விஷயத்திலும் ஒத்துப் போகாத மாமனாரும் மருமகனும் முதல் தடவையாக ஒரே பக்கம் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பூசாரியின் கையைப் பிடித்தார்கள்.

"முனியப்பன் சன்னதியில நின்னு பொய் சொல்லாதீங்க" என்றான் பூவரசன். "ரெண்டு பேருகிட்டயும் காசு வாங்கிட்டு, எங்கருந்து வந்துச்சு இந்த மஞ்சள்?"

பச்சியப்பன் முனியப்பனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு பரிதாபமாகச் சொன்னார்:

"நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஐந்நூறுதானுங்க குடுத்தீங்க, மேனேஜரம்மா என் வூட்டு லோனுக்கு வட்டியில கால் பர்சன்ட் கொறைச்சுட்டாங்களே!"