மாமியாரின் முதுகுத்தண்டு

"கையில என்ன தம்பி?"

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அப்படியே நின்றார். கீழிருந்து கேட்டவர் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தச்சர். 'நாய் வளர்ப்போருக்கு இங்கே வீடு இல்லை' என்று வாசலில் தொங்கிய பலகை அவரே இழைத்து அவரே எழுதியது. வாத்தியாரின் கையில், போர்வைக்குள் இருந்ததோ நாய். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி இரண்டே நாள்.

நாய் மாமியாருடையது. அவர் ஊரில் இந்த ஆபரேஷன் செய்ய டாக்டர் இல்லாததால் மருமகன் வீட்டுக்கு வந்திருந்தது. ஆறு வாரம் குதிக்காமல் பார்த்துக்கொண்டால் பின்னங்கால்கள் மறுபடி நடக்கும், இல்லையென்றால் ஆயுசுக்கும் இழுத்துக்கொண்டுதான் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"மாமியாருக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன்," என்றார் வாத்தியார். "இது அவங்க தலைகாணி."

தலைகாணி பெருமூச்சு விட்டது.

நாளெல்லாம் அடுத்தவருக்கு பிரேக் போடச் சொல்லித் தருபவருக்குத் தன் வாய்க்கு மட்டும் போடத் தெரியாது.

"பொய் சொல்ல எங்கம்மாதான் கெடச்சாங்களா?" என்று வீட்டுக்குள் வந்ததும் பாய்ந்தாள் மனைவி. "உங்கம்மாவைச் சொல்றதுதானே?"

"நாய் உங்கம்மாவோடதாச்சே!"

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடிக்கு வந்தார்.

"பாத்ரூம் வாசப்படி உசரம். அம்மாவால கால் தூக்கி வைக்க முடியாது. சாய்வா போட்டுக்குங்க."

பெற்ற பிள்ளை கூட இப்படிச் செய்யமாட்டான். உணர்ச்சி வேகத்தில் வாத்தியார், "அவங்களே உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க," என்று உளறிவிட்டார்.

"பேசறாங்களா? அப்ப நானே ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போறேன்."

"வேண்டாங்க. ரொம்ப கூச்சம்."

"கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கறேன்."

மனைவி உள்ளே ஓடினாள். அச்சு அசல் தன் தாயாரின் குரலில், "நல்லா இருக்கேங்க!" என்றாள். இரண்டு நாளாக வாயே திறக்காத நாய், எஜமானியம்மா வந்துவிட்டார் என்று எண்ணி ஆனந்தமாகக் குரைத்தது.

"இருமல்," என்றார் வாத்தியார்.

"பொல்லாத இருமலா இருக்கே," என்று கவலையோடு இறங்கிப் போனார் வீட்டுக்காரர்.

அதிலிருந்து தினமும் வீட்டுக்காரம்மாவிடமிருந்து சூப் வந்தது. நாய் சொட்டு விடாமல் நக்கியது. வாத்தியார் ஒருநாள் ருசி பார்த்தார். உப்பே இல்லை. அந்தக் கைக்கு என்ன குறை சொல்வது என்று நன்றியோடு விழுங்கி வைத்தார்.

மூன்றாம் வாரம் வீட்டுக்காரர் மறுபடி வந்தார். "அம்மாவுக்குக் கொஞ்சம் வெயில் படட்டும். நானும் என் சம்சாரமும் தினமும் நாலு மணிக்கு வெளியில போயிட்டு ஆறு மணிக்குத்தான் வருவோம். பின்னாடி தோட்டத்துல கூச்சப்படாம நடக்கச் சொல்லுங்க."

வயசான இரண்டு பேரும் தினமும் இரண்டு மணி நேரம் ரோடு ரோடாக அலைந்தார்கள். தோட்டத்தில் வயிற்றடியில் துண்டைக் கொடுத்து வாத்தியார் நாயை நடத்தினார். ஐந்தாம் வாரம் துண்டு தொய்ந்தது. நாய் தன் காலில் நாலு எட்டு வைத்தது. வாத்தியார் அழுதேவிட்டார். இந்த நல்ல மனுஷரை ஏமாற்றுகிறோமே என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வந்து இறங்கினார். இரண்டு கையிலும் பெட்டி. "நான் மாடி வீட்டு வாத்தியாரோட மாமியார்!" என்று வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம் அறிவித்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

வாத்தியார் ஓட்டமாகக் கீழே வந்தார்.

"எல்லாம்... உங்க பலகை... உங்க வீட்டம்மாவோட சூப்பு... அதான் இப்படி நடக்கறாங்க..."

வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். வீடு போச்சு என்று வாத்தியார் முடிவு கட்டிக்கொண்டார். சாமான்களை எங்கே ஏற்றுவது, ஓட முடியாத நாயோடு எந்தத் தெருவில் வீடு தேடுவது?

உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா வந்தார்.

"மாமியார் நடக்கறது இருக்கட்டும் தம்பி, நாய் நடந்துடுச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு, போர்டு எழுதின மனுஷன், தானே கேக்க வெக்கப்படறாரு!"