பாலுசாமி கேட்ட மெயில்

"எம் பேரு சென்னகிருஷ்ணனாம்! எம்பட ஃபோனே சொல்லுது. இத்தன வருசமாப் பாவாத்தாளா இருந்துபோட்டேன், இனிமேலு பேரை மாத்திக்கோணுமா கண்ணு?"

சுரேந்தர் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து இதே கூத்துதான். வெள்ளகோவில் பக்கத்து உழவர் சங்கத்தில் யார் அவன் எழுதிய ஆப்பைத் திறந்தாலும், ஆணோ பெண்ணோ, 'வணக்கம் சென்னகிருஷ்ணன்' என்று அது இளித்துக்கொண்டு வரவேற்றது.

"இல்லீங்கம்மா, நீங்க பாவாத்தாளேதானுங்க. நான் சரிபண்ணித் தாரேனுங்க."

"சீக்கிரம் பண்ணு சாமி. ஊட்டுக்காரரு என்னைய ஒரு மாதிரி பாக்கறாரு."

கோவை சரவணம்பட்டியில், ஜிம்முக்கும் பேக்கரிக்கும் நடுவே மாடியில் இருந்தது அவனுடைய கம்பெனி. செவனே என்று உட்கார்ந்திருந்தவன் தலையில் இந்த வேலையைக் கட்டியவர் முதலாளி மதன்குமார். அவிநாசி ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டே, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், சங்கத்துச் செயலாளர் பாலுசாமியிடம் ஸ்பீக்கரில் பேசி வாங்கிய ஆர்டர்.

"ரொம்ப சிம்பிள் சுரேந்தர். அவிய யாரும் எதையும் டைப் பண்ண மாட்டாங்க. மெயிலை ஆப்பே தானாக் கண்டுபிடிக்கோணும். அவ்வளவுதான்."

"கடலை போடறவங்களுக்கு மெயில் எதுக்குங்க சார்?"

"கேட்டாக் குடு. எதுக்குன்னு கேக்க நாம என்ன அவருக்குச் சம்பந்தியா?" என்ற மதன்குமார், போகிறபோக்கில் ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனார். "இதுக்கு முந்தி நீ பண்ணுன ரெண்டு ஆப்பும் திரும்பி வந்துருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பாலுசாமி வாயில இருந்து ஓகேன்னு வரல, நீ வேற, உன் நாற்காலி வேற."

சுரேந்தருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி புவனா மாசமாக இருந்தாள். இந்த நேரத்தில் நாற்காலி போவதா?

புதிய ஃபோன்களில், உரியவர் விரலால் தொட்டுச் சம்மதம் சொல்லாமல் அவருடைய மெயில் கணக்கை எந்த ஆப்பும் எட்டிப் பார்க்க முடியாது. சுரேந்தர் யோக்கியமாக அந்த அனுமதி கேட்கும் பெட்டியைத்தான் முதலில் வைத்திருந்தான். பாலுசாமி பதறியடித்துக்கொண்டு ஃபோன் போட்டார். அவர் பக்கம் எப்போதும் காற்று ஊளையிடும்; பாதி பேச்சைக் காற்றே தின்றுவிடும்.

"தம்பி, மெயில் விசயத்துல பர்மிசன் கிர்மிசன்னு எழுத்துல போட்டுறாதீங்க! ஆபீசருக காதுக்குப் போச்சுன்னா சங்கத்தையே புடிச்சு உள்ள வெச்சுருவாங்க. கேக்காம கொள்ளாம, காதும் காதும் வெச்ச மாதிரி முடிக்கோணும்."

தகவல் பாதுகாப்புச் சட்டம் வெள்ளகோவில் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று சுரேந்தர் அசந்துபோனான்.

நல்லவேளையாகச் சங்கத்தாரிடம் இருந்தவை எல்லாம் அரதப் பழைய ஃபோன்கள். கேட்காமலேயே கணக்கைக் கொடுத்துவிடும் ரகம். பெட்டியைத் தூக்கிவிட்டு எடுத்துப் பார்த்தால், அத்தனை ஃபோனிலும் ஒரே மெயில். அத்தனையும் வெள்ளகோவிலில் மொபைல் கடை வைத்திருக்கும் சென்னகிருஷ்ணனுடையது.

"ஆமாங்க, என்ற மெயிலுதான்," என்றார் சென்னகிருஷ்ணன், கூசாமல். "ஃபோன் வாங்க வாரவங்களுக்கு மெயில் ஐடி உண்டாக்கறதுக்குள்ள உசுரு போயிரும். வாட்சப் ஓடுனாப் போதும்பாங்க. நான் என்ற மெயிலையே போட்டு உட்டுருவேன். ஒரு ஒத்தாசைதானுங்களே?"

"ஒத்தாசையா? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே அண்ணா! தயவுசெஞ்சு ஆளுக்கு ஒரு மெயில் புதுசாப் போட்டுக் குடுங்க."

மனிதர் தங்கமானவர். கடையை அடைத்துவிட்டு ஒரே நாளில் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தார். எப்படி? சென்னகிருஷ்ணன் ஒன்று, சென்னகிருஷ்ணன் இரண்டு, சென்னகிருஷ்ணன் மூன்று என்று, கடைக்கு வந்த வரிசைப்படி!

மறுநாள் சங்கம் பற்றி எரிந்தது. முதலில் போய் நின்ற பாவாத்தாளுக்கு ஒன்றாம் எண். டீ குடித்துவிட்டுச் சாவகாசமாகப் போன சங்கத் தலைவருக்குப் பத்தொன்பது.

"தலைவருக்குப் பத்தொம்போதா? மரியாத வேண்டாமுங்களா?" என்று குதித்தது ஒரு குரல். இன்னொரு குரல், "அவருக்காச்சு பத்தொம்போது, எனக்கு முப்பத்தி ரெண்டு! என்ற மச்சானுக்கு நாலு! நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு மாமியா ஊட்டுக்குப் போறது?" என்றது.

சுரேந்தர் தலையில் அடித்துக்கொண்டு, பெயர், எண் எல்லாவற்றையும் ஆப்பிலிருந்து பிடுங்கிப் போட்டான். இனி இந்த ஆளிடமே நேராகக் கேட்டுவிடுவது என்று பாலுசாமியைக் கூப்பிட்டான்.

"அண்ணா, உங்களுக்கு என்னதான் வேணும்? ஒரு தடவ தெளிவாச் சொல்லிருங்க."

"ஆரு பேரு எங்களுக்கு எதுக்குங்க? மெயிலு எங்க இருக்குது, எத்தன இருக்குது, அது தெரிஞ்சாப் போதும்."

"ஆளுக்கு ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணா!" பாலுசாமி சிரித்த சிரிப்பில் காற்றே அடங்கிவிட்டது. "என்ற தோட்டத்துல மட்டும் முப்பதுக்குக் கொறையாதுங்க தம்பி. காத்தால வெளிச்சம் வந்தா வந்துரும்."

ஒரு கடலை விவசாயிக்கு முப்பது மெயில் கணக்கு! மனிதர் சைடில் என்ன தொழில் பண்ணுகிறாரோ என்று சுரேந்தருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"வந்தாச் சத்தம் வரோணும் தம்பி. டிங்கு டிங்குன்னு கொலுசுச் சத்தமெல்லாம் வேண்டாம். நாயி கொலைக்கறாப்ல வெய்யுங்க. எட்டூருக்குக் கேக்கோணும்."

கிளையண்ட் கேட்டால் குடுக்க வேண்டியதுதானே? குடுத்தான். ஒரு ஃபோனில் எத்தனை மெயில் கணக்கு இருந்தாலும் துழாவி எடுத்து, எதில் மெயில் வந்தாலும் வள் வள்ளென்று குரைக்கும்படி எழுதி அனுப்பினான்.

ஆடித் தள்ளுபடி, லோன் வேண்டுமா, முடி கொட்டுகிறதா என்று நாளெல்லாம் வரும் விளம்பர மெயிலுக்குக் கணக்கா வழக்கா? வெள்ளகோவில் பக்கத்தில் கடலைக்காடெல்லாம் குரைத்தது. பஸ் குரைத்தது. சங்கத் தலைவர் வீட்டுச் சீரில், தட்டுத் தூக்கி வந்த மாமன் மச்சான் அத்தனை பேர் சட்டைப் பையும் ஒரே நேரத்தில் குரைக்க, தெருவிலிருந்த நிஜ நாய்கள் உறவு வந்திருக்கிறதென்று பந்திக்குள் நுழைந்துவிட்டன.

"மானம் போச்சுங்க தம்பி!" பாலுசாமியின் குரல் உடைந்திருந்தது. "மெயிலே இல்லாத எடத்துலயெல்லாம் கொலைக்குது. காத்தால மெயிலு கண்ணு முன்னால வந்து நிக்குது, அப்ப ஊமையாட்டக் கெடக்குது! என்னத்தப் படிச்சீங்க?"

சுரேந்தருக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் ஃபோனில் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மெயில் வந்தால் குரைத்தது, வராவிட்டால் சும்மா இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

வெள்ளிக்கிழமை காலை மதன்குமார் பேச்சை வளர்க்கவில்லை. "நேர்ல போ. ஓகேவோட வா. இல்லீன்னா வராத."

சிங்காநல்லூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் புவனா கூப்பிட்டாள். "ஏனுங்க மாமா, வேலை இருக்குதுங்களா, போயிருச்சுங்களா?"

"சாயங்காலம் சொல்றேன்."

"எங்கம்மா கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

"மெயில் புடிக்கப் போயிருக்கான்னு சொல்லு!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தான். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பாலுசாமியின் வீடு ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள் இருந்தது. நல்ல மனிதர். அதுதான் பெரிய தொந்தரவாகப் போயிற்று. சுரேந்தர் ஃபோனை எடுக்கும்போதெல்லாம், "மொதல்ல மோர் குடிங்க", "மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங்க", "என்ன தம்பி, கொறிக்கறீங்க, வெட்கப்படாம உண்ணுங்க" என்று தடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது முறை சோறு விழுந்தபோது சுரேந்தர் இலையை மூடிவிட்டு ஃபோனை நீட்டினான்.

"அண்ணா, இதப் பாருங்க. உங்க மெயில். யாரையும் கேக்கல, யாரும் டைப் பண்ணல. தானாக் கண்டுபுடிச்சிருக்குது."

பாலுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எங்க தம்பி?"

"இதா, இங்க."

"இங்க வெறும் இங்கிலீசு எழுத்தல்லொ இருக்குது?"

"அதுதானுங்க அது!"

"ஓ, எழுத்துல காட்டுமா? படம் வராதா?" அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "செரி, எத்தன தூரத்துல இருந்தாலும் கண்டுபுடிக்குமுங்களா?"

"அமெரிக்காவுல இருந்து வந்தாலும் கண்டுபுடிக்குமுங்க!"

"அத்தன தூரம் எதுக்குத் தம்பி? வேலிக்கு அக்கட்டால இருந்து வாரதைக் கண்டுபுடிச்சாப் போதும்."

அதற்கு மேல் சுரேந்தரால் தாங்க முடியவில்லை. கை கழுவாமலே கும்பிட்டுவிட்டான்.

"அண்ணா, நான் ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சுட்டனுங்க. இன்னிக்கு நீங்க ஓகே சொல்லலைன்னா என் வேலை போயிரும். சம்சாரம் மாசமா இருக்குது. அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? கொறை இருந்தாச் சொல்லுங்க, ஆயுசு பூரா வந்து சரிபண்ணித் தாரேன். இப்ப ஒரே ஒரு வார்த்தை, ஓகேன்னு, எங்க சாருக்குச் சொல்லிப்போடுங்கண்ணா."

பாலுசாமிக்கு மனசு இளகிவிட்டது. "அட, கண்ணு கலங்காதீங்க. மாசமா இருக்கற புள்ளையக் கலங்க வெச்ச பாவம் எனக்கு எதுக்கு? வேலை செய்யுதோ இல்லியோ, நான் சொல்லிப்போடறேன்." உடனே மதன்குமாருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

"சொல்லுங்கண்ணா," என்றது மதன்குமாரின் குரல். "பையன் வந்தானுங்களா? மெயில் கெடைச்சுதுங்களா?"

"வந்துட்டாருங்க. தங்கமான பையன். ஆப்பும் பாத்தேன். என்னையக் கேட்டா ஓ..."

பாலுசாமியின் மனைவி ராசாத்தாள் கையில் கவணோடு மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"ஏனுங்க, மயிலு தொரத்தற ஆப்புக்காரத் தம்பி வந்துட்டாருன்னாங்களே, அவரைச் சித்தெ காட்டுக்கு வரச் சொல்லுங்க, தோகைய விரிச்சுட்டு மயிலுக கூட்டமா எறங்கி நம்ம கடலைக்கொடியப் பூராக் கொத்திக் கெளறிப்போட்டுதுங்க!"