பண்ணையார் வீட்டுப் பியானோவும் நான் போட்ட கோஷமும்

சின்னக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித்தர முதல் தகுதி, வாத்தியார் வாயை மூடிக்கொண்டிருப்பது. விரல் வளைவு, மணிக்கட்டு உயரம் எல்லாம் அப்புறம். இந்த ஞானம் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணையார் வீட்டுக் கூடத்தில், தாசில்தார் முன்னிலையில் கிடைத்தது.

அப்போது நான் வேலை கிடைக்காத கணக்குப் பட்டதாரி. திருச்சியில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தபோது மாதாகோயில் ஆர்கன் வாசிக்கக் கற்றிருந்தேன். (கலைத்தாகம் எல்லாம் இல்லை. ஆர்கன் வாசிப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது முட்டை உண்டு.) இதைக் கேள்விப்பட்டுப் பண்ணையார் ஆள் அனுப்பினார். நாகப்பட்டினத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் பியானோ வாங்கியிருந்தார். ஏழு வயது மகள் வசந்தா அதை வாசிக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர்.

"பாப்பா ஒரு பாட்டு முழுசா வாசிக்கட்டும் தம்பி. வேலை ஆர்டர்ல அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆக, கணக்கு வாத்தியார் உத்தியோகம் எனக்கு ஒரே ஒரு பாட்டு தூரத்தில் இருந்தது.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. பியானோவைத் திறந்ததும் எண்ணினேன். எண்பத்தைந்து கட்டைகள், அதில் பதினொன்று ஆற்றங்கரை ஈரத்தில் ஊமையாகியிருந்தன. பாடத்தையும் எண்ணிக்கையிலேயே தொடங்கினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

வசந்தா கையை எடுத்துவிட்டாள். "நாலுக்கு அப்புறம் அஞ்சுதானே சார்? நீங்க பி.ஏ.ன்னாங்களே?"

(அன்றைய பாடம் நாலோடு முடிந்தது.)

உற்சாகப்படுத்தலாம் என்று, சரியாகத் தொட வேண்டிய ஒவ்வொரு கட்டை மேலும் ஒரு கல்கண்டு வைத்தேன். குழந்தை கல்கண்டைத் தின்றது. மிச்சத்தை எறும்பு தின்றது. எறும்பு பியானோவுக்குள்ளேயே குடியேறியது. ஆடிக்காற்று போய் மழையும் வந்துவிட்டது. எங்கள் பாட்டு பாதியைத் தாண்டவில்லை.

அந்த வருஷம் அறுவடைக் கூலி தகராறு. ஊர்வலம் நாள் தவறாமல் பண்ணை மதிலோரமாகப் போகும். சங்கத் தலைவர் தங்கையன் கணீரென்று எடுத்துக்கொடுப்பார்: "ஏத்திக் கொடு, ஏத்திக் கொடு!" பின்னால் வருகிறவர்கள் ஒரே குரலில் வாங்குவார்கள்: "கூலி நெல்ல ஏத்திக் கொடு!"

ஒருநாள் பாடத்தின் நடுவே அந்தச் சத்தம் வந்தது. வசந்தாவின் கால் ஸ்டூலுக்கு அடியில் தாளம் போட்டது. பிசகாத தாளம்! விரலும் கூடவே போயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அதையே சொல்லிக்கிட்டு வாசி பாப்பா. ஆனா மனசுக்குள்ள."

"நீங்களும் மனசுக்குள்ளயே சொல்லுங்க சார்."

வாத்தியார் வாயை மூட வேண்டும் என்பது குழந்தைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

பத்தே நாளில் பாட்டு தயார். அந்தச் சமயத்தில்தான் கூலிப் பேச்சுவார்த்தை பண்ணையார் வீட்டுக் கூடத்தில் நடந்தது. பக்கத்து ஊர்களில் குடிசையும் வைக்கோல் போரும் எரிந்துகொண்டிருந்த காலம். நாற்காலியில் தாசில்தார், எதிர் பெஞ்சில் தங்கையனும் அவர் ஆட்களும், வாசலில் ஊர் ஜனம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இறுக்கத்தைக் குறைக்க நினைத்தார் போலும் பண்ணையார். "மொதல்ல பாப்பா ஒரு இங்கிலீஷ் பாட்டு வாசிக்கும் சார், கேளுங்க" என்றார்.

வசந்தா நன்றாகத்தான் தொடங்கினாள். எங்கள் பழைய தகராறு இடமான நடுப்பகுதி வந்தது. ஓர் ஊமைக் கட்டையில் விரல் பட்டது, நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். என் உத்தியோகமும் சேர்ந்து என்னைப் பார்த்தது.

தாளம் எடுத்துக்கொடுப்பது வாத்தியார் கடமை அல்லவா? கையை உயர்த்தி, தொண்டை கிழிய எடுத்துக்கொடுத்தேன்:

"ஏத்திக் கொடு, ஏத்திக் கொடு!"

பழக்கம் பொல்லாதது. பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று, "கூலி நெல்ல ஏத்திக் கொடு!" என்றது. வாசலில் நின்ற ஜனம் திருப்பிச் சொன்னது. அந்த மாதிரித் துணைவாத்தியம் எந்தக் கச்சேரியிலும் கிடைக்காது. வசந்தா முகம் மலர்ந்து, அதே தாளத்தில் கடைசிக் கட்டைவரை வாசித்து முடித்துவிட்டு, எழுந்து கும்பிட்டாள்.

தாசில்தார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தங்கையன் அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்தார். "சத்தியமா இந்தத் தம்பி நம்ம ஆளு இல்லீங்க!"

பண்ணையார் சிரிக்கவில்லை. "சங்கத்துல எப்பச் சேந்தீங்க தம்பி? நாளையிலேருந்து வர வேணாம்."

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்கதவிலிருந்து வசந்தாவின் அம்மா குரல் வந்தது. "ஏங்க, புள்ள பாட்டை முழுசா வாசிச்சுதா இல்லியா? முன்னெல்லாம் அடிச்சாலும் அந்தப் பொட்டிகிட்டப் போகாதே! சபையில வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

"சபையிலயா குடுத்தேன்?"

"இப்பச் சபை கேட்டுடுச்சுல்ல?"

தாசில்தார் தொண்டையைச் செருமினார். "அம்மா சொல்றது நியாயமாத்தான் படுது. ஒரு விஷயமாவது இன்னிக்கு முடியட்டுமே சார்."

அன்று அந்தக் கூடத்தில் தீர்ந்தது என் விஷயம் மட்டும்தான். கூலி இன்னும் சில அமர்வுகள் இழுத்து, கொஞ்சம் ஏறியது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை. ஆனால் சிரித்தவர்கள் மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். அந்த ஊரில் எதுவும் எரியவில்லை. அதற்காக இன்றும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு, மாலையில் பியானோ என்று என் காலம் நன்றாகவே ஓடியது. அதன்பின் எந்தக் குழந்தைக்கும் எண் சொல்லித் தாளம் கற்பிக்கவில்லை. அவரவர் வாயில் புரள்வதை அவரவர் கொண்டுவரலாம். ஒருத்தி மீன்காரம்மாவின் கூவலில் வாசித்தாள். கண்டக்டர் மகன் ஒருவன் "நீடாமங்கலம், அம்மாபேட்டை, தஞ்சாவூர்" என்றே இரண்டு கையும் கற்றான். எல்லாம் வசந்தாவும் தங்கையன் ஆட்களும் எனக்குப் போட்ட பிச்சை.

என் கல்யாணத்துக்குப் பண்ணையார் வந்தார். என் மாமனாரைத் தனியே அழைத்து, "பாத்து நடந்துக்குங்க, மாப்பிள்ளை சங்கத் தலைவர்" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் போனார். மாமனார் அதை நம்பினார், பெண்ணிடமும் சொல்லிவைத்தார். இன்றைக்கும் ரசத்தில் உப்பு குறைவு என்று நான் முணுமுணுத்தால், என் மனைவி மருமகளிடம் சொல்கிறாள்:

"தலைவர் கோரிக்கை வைக்கிறாரும்மா. தாசில்தார் வரட்டும், பேசிக்கலாம். அதுவரைக்கும் அப்பளம் குடு."