வியன்னா மேஸ்திரியின் ஏசி சீட்

வியன்னாவைப் பார்க்காமலே வியன்னாவைக் கரைத்துக் குடித்த ஒரே மனிதர் எங்கள் வியன்னா மேஸ்திரிதான். அந்த ஊர் மேயருக்கே தெரியாத சந்தெல்லாம் அவருக்குத் தெரியும். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். சொந்தப் பெயர், தினமும் அட்டெண்டன்ஸ் போட்ட டைம்கீப்பர் எனக்கே மறந்துவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், வளைகுடாவில் எங்கள் அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து ஜெபல் அலி கட்டட சைட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஏசி காற்று வருவது டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு சீட்டுக்கு. அதை அறுபது பேரும் சேர்ந்து மேஸ்திரிக்கு விட்டுக்கொடுத்திருந்தோம். பதிலுக்கு அவர் வியன்னா கதை சொல்ல வேண்டும். கதை நின்றால் சீட் போய்விடும்.

ஒரு வில்லாவில் மராமத்து பார்த்தபோது குப்பையில் கிடைத்த, வியன்னா வரலாறு சொல்லும் தடித்த இங்கிலீஷ் புத்தகம்தான் மூலம். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்து சொல்வார். ரோமாபுரிச் சிப்பாய்கள் ஆற்றங்கரையில் பாளையம் இறங்கியதில் ஆரம்பம். பிறகு ஒரு ராஜ வம்சம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தே பாதி ஐரோப்பாவைச் சுருட்டியது. கல்யாணமாகாத பையன்கள் இந்தக் கட்டத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள்.

துருக்கி முற்றுகைதான் உச்சம். என்ஜின் மூடிமேல் டிபன் கேரியர்களை மதிலாக அடுக்கி, குப்பூஸ் ரொட்டி பாக்கெட்டுகளைத் துருக்கிப் படையாக நிறுத்துவார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மதில் சரிந்து வரலாறே மாறிவிடும். டிரைவர் கான் பாய்க்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் வியன்னாவைக் காப்பாற்ற மெதுவாக ஓட்டுவார்.

கடைசியில், தேவையற்றுப்போன கோட்டை மதிலை இடிக்கச் சொல்லி ராஜா உத்தரவு போட்டார். அதோடு புத்தகமும் முடிந்தது. மீதிப் பக்கங்களைக் காணோம். இதை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, மேஸ்திரி மூன்று வாரம் அதே மதிலை இடித்துக்கொண்டிருந்தார். கேட்பவர்களோ கட்டட வேலைக்காரர்கள். ஒரு மதிலை இடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

கும்பகோணத்துக் கார்பெண்டர் ஒருவர் சொல்லியே விட்டார்: "மேஸ்திரி, நாளைக்குள்ள மதிலு விழல, நீங்க கடைசி சீட்டு."

ஏதாவது ஒரு முடிவை அடித்துவிடுங்கள் என்றேன். மனுஷன் மசியவில்லை. "ஒரு ஊரு வளந்த கதைப்பா. நம்ம இஷ்டத்துக்கு மாடி எழுப்ப முடியுமா?"

மறுநாள் ஸ்லாப் கம்பி கட்டியதைச் சரிபார்க்கப் புதிய இன்ஜினியர் வந்தார். வியன்னாக்காரர் என்று கேள்வி. கீழே மூன்று கான்கிரீட் லாரிகள் காத்திருந்தன. ஏதாவது சந்தேகம் உண்டா என்று அவர் பொதுவாகக் கேட்டதுதான் தாமதம், மேஸ்திரி முன்னால் போய் நின்றார்.

"சார், யுவர் கிங் வால் பிரேக். ஆஃப்டர் வாட்?"

இன்ஜினியர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பலகைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் கைகளால் ரோடு போட்டார், கட்டடம் கட்டினார். மேனேஜர் ஆறு தடவை எனக்கு போன் செய்தார். முக்கியமான டெக்னிக்கல் டிஸ்கஷன் நடக்கிறது என்றேன்.

சாயங்காலம் பஸ்ஸில் மதில் விழுந்தது. மதில் நின்ற இடத்தில் ஊரைச் சுற்றி அகலமான ரோடு வந்தது. அதன் ஓரத்தில் பார்லிமென்ட், யுனிவர்சிட்டி, மியூசியம், ஆப்பரா என்று வரிசையாக எழுந்தன. ஆட்சியும் சங்கீதமும் பக்கத்துப் பக்கத்து வீடு என்றார் மேஸ்திரி. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவுக்கும் செங்கல் அறுத்தது பூரா வெளியூர்லேருந்து பொழைக்க வந்தவனுங்க. ஒரு ரூமுல பத்துப் பேரு. நம்ம இன்ஜினியரோட கொள்ளுத்தாத்தாவும் அதுல ஒருத்தராம்."

கதை முடிந்துவிட்டதால் மேஸ்திரி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்கு எழுந்து நடந்தார். கும்பகோணத்துக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்து ஏசிக்கு அடியில் உட்கார வைத்தார்.

"எங்க போறீங்க? நாளைக்கு ரோமாபுரிலேருந்து ஆரம்பிங்க."

வியன்னாவுக்கு நான் இதுவரை போனதில்லை. போனால் அவரோடுதான் போக வேண்டும். அந்த மனுஷன் இல்லாமல் எனக்கு அந்த ஊர் பிடிக்காது.